டென்னிஸ் பால்ல இருந்து ஸ்டிச் பாலுக்கு: லெக் சைடு போகுது, நோ-பால் விழுது, ஸ்விங் இல்ல. எதை முதல்ல சரி பண்ண?

திங்கள்சந்தை_மீடியம்:

வயசு 19. வலது கை மீடியம் பேஸ். இதுவரைக்கும் டென்னிஸ் பால் மேட்ச்தான். இப்ப நாகர்கோவில்ல ஒரு கிளப்புல ஸ்டிச் பால் (தையல் போட்ட தோல் பந்து) போடுறேன், அடுத்த சீசன் மாவட்ட லீக் ஆடணும். நிலவரம்:

1. ஓவர் தி விக்கெட் (ஸ்டம்புக்கு இடப்பக்கமா ஓடி வந்து) போட்டா பாதிப் பந்து வலது கை பேட்ஸ்மேனுக்கு லெக் ஸ்டம்புக்கு வெளிய போகுது. ஒரு முனையில இருந்து போட்டா இது இன்னும் மோசம்.
2. நெட்ஸ்ல ஒண்ணும் தெரியல. மேட்ச்ல ஓவருக்கு ஒரு நோ-பால்.
3. புதுப் பந்துலகூட ஸ்விங் கிடையாது.
4. போட்ட மறுநாள் கீழ்முதுகுல இடது பக்கம் ஒரு பிடிப்பு.

கிரவுண்டு காங்கிரீட் மேல கயிற்றுப் பாய். வாரம் மூணு நாள், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கிடைக்கும். மாசக் கட்டணம் கட்டி கோச்கிட்ட சேரணுமா, இல்ல நானே பழகிச் சரி பண்ணிட முடியுமா?

---

கீழ்முதுகு:

மத்தவங்க லைன் லெங்த் பேசுமுன்னே உங்க நாலாவது விஷயத்தைப் பிடிச்சுக்கிடுறேன்.

வலது கை பௌலருக்கு இடது பக்கம் கீழ்முதுகு வலின்னா சாதாரணப் பிடிப்புன்னு விடக்கூடாது. பந்தை விடுற நேரத்துல முதுகெலும்பு பின்னால வளையும், இடப்பக்கம் சாயும், கூடவே திரும்பும். இந்த மூணும் நடக்கும்போதுதான் முன்கால் தரையில அடிக்கும். உடம்பு எடையைப் போல அஞ்சு மடங்குக்கு மேல அந்தக் கால் வழியா ஏறுது. கையை வீசுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், கடைசி ரெண்டு முதுகெலும்புகள்ல (எல்4, எல்5) நுண்விரிசல் விழுறது வேகப் பந்துவீச்சாளர்களுக்கு வழக்கமா வர்ற காயம். 20 வயசு தாண்டுற வரைக்கும் அந்த எலும்பு முழுசா இறுகியிருக்காது, அதனால உங்க வயசுல ஆபத்து கூடுதல்.

வீட்டுலேயே ஒண்ணு செஞ்சு பாருங்க. இடது கால் ஒத்தக்கால்ல நின்னு மெதுவா பின்னால வளையுங்க. அதே இடத்துல சுள்ளுன்னு குத்தினா பௌலிங்கை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்லயே காட்டலாம். இது நோயைத் தீர்மானிக்கிற சோதனை கிடையாது; போட்டுக்கிட்டே இருக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க மட்டும்தான். ஆரம்பக் கட்டத்துல எக்ஸ்ரே சுத்தமா இருக்கும், எம்ஆர்ஐலதான் தெரியும். எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு சொன்னதும் பெல்ட்டைக் கட்டி ஸ்ப்ரே அடிச்சுட்டுப் போடுற பசங்கதான் அப்புறம் மாசக்கணக்குல உட்கார வேண்டி வருது.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம், வார்ம்-அப் ஆனதும் விட்டுப்போகுதுன்னா அது தசை. அப்பவும் எண்ணிக்கையைப் பாருங்க. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப் பந்துவீச்சாளர்களுக்குப் போட்ட வரம்புல 13 வயசுக்குட்பட்டவங்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வில்லாம ஒரே தொடர்ச்சியாப் போடுறது) 5 ஓவர், 19 வயசுக்குட்பட்டவங்களுக்கே 7 ஓவர்தான். நம்ம ஊர் நெட்ஸ்ல ஆள் இல்லன்னு ஒரு பையனே 12 ஓவர் போடுவான், அதைக் கணக்குலயே எடுக்க மாட்டோம். நெட்ஸ்ல போடுற பந்தும் முதுகுக்குப் பந்துதான். மூணு நாளும் தொடர்ச்சியா வைக்காம ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்க. ஒரு நாளைக்கு முழு வேகத்துல 36 பந்து, அதோட நிறுத்திருங்க.

காங்கிரீட் மேல பாய்க்கு ஆணி ஸ்பைக் போடாண்டாம். ரப்பர் ஸ்டட், குதிகால் பக்கம் தடிமனான சோல். பாய் விளிம்பு முன்கால் விழுற இடத்துல மடிஞ்சு கிடந்தா மொதல்ல அதை இழுத்து ஆணி அடிச்சிட்டுத்தான் ஓடணும், இல்லன்னா கணுக்கால் போயிரும்.

---

அம்பயர்_கை:

நோ-பாலும் லெக் சைடும் தனித்தனி நோய்னு நினைக்காதீங்க. ரெண்டுமே ரன்-அப் சரியில்லாததுல இருந்து கிளம்பலாம்.

முதல்ல விதி. முன்கால் இறங்கும்போது அதோட ஏதாவது ஒரு பகுதி பாப்பிங் கிரீஸுக்கு (ஸ்டம்புக்கு முன்னால குறுக்கே போட்ட கோடு) பின்னால இருக்கணும், தரையில படாம தூக்கியிருந்தாலும் சரி. கிரீஸ்ங்கிறது வெள்ளைக் கோட்டோட பின் விளிம்பு. குதிகால் கோட்டு மேல மட்டும் நின்னா அது நோ-பால். "கோட்டுல இருக்கே சார்"னு சண்டை போடுற பாதிப் பேருக்கு இது தெரியாது. பின்கால் பக்கவாட்டுல ரிட்டர்ன் கிரீஸை (ரெண்டு ஓரத்துலயும் நீளவாக்குல போட்ட கோடு) தொடவும் கூடாது.

இனி ரன்-அப் அளக்கிற முறை. பிட்சை விட்டு வெளிய, வெறும் தரையில ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுல நின்னு, எதையும் குறிவைக்காம உங்க இயல்பான வேகத்துல ஓடிப் போடுங்க. முன்கால் விழுற இடத்துல கூட்டாளி ஒருத்தர் சுண்ணாம்பால குறி வைக்கணும். எட்டுத் தடவை போட்டா அஞ்சாறு குறி ஒண்ணாக் கூடி நிக்கும். கோட்டுல இருந்து அந்தக் கூட்டத்தோட நடுவரைக்கும் உள்ள தூரம்தான் உங்க ரன்-அப். டேப்பால அளந்து எழுதி வையுங்க. காலடி வச்சு எண்ணினா மேட்ச் அன்னைக்குப் பதற்றத்துல காலடி நீளும், குறி தப்பும். ஆரம்பிச்சு நாலாவது எட்டுல இன்னொரு குறி வையுங்க. அது தப்பினாலே பந்தை விடாம நின்னு திரும்பிப் போயிரலாம்.

கடைசி ரெண்டு எட்டுல கிரீஸைக் கண்ணால தேடினா எட்டு நீண்டு நோ-பால் வரும், தலையும் கவிழும். கண் பேட்ஸ்மேன் பக்கம்தான் இருக்கணும்.

லெக் சைடு எங்கிருந்து வருதுன்னு கணக்கே சொல்லுது. நீங்க ஓவர் தி விக்கெட், நடு ஸ்டம்ப் கோட்டுல இருந்து 90 செ.மீ. தள்ளிப் பந்தை விடுறீங்கன்னு வைங்க. அது பேட்ஸ்மேன் ஸ்டம்புக்கு 6 மீட்டர் முன்னால சரியா ஆஃப் ஸ்டம்ப் கோட்டுலயே விழுந்தாலும், அதே கோணத்துல போனா லெக் ஸ்டம்புக்கு அரைச் சாணுக்கு மேல வெளியதான் போகும். அதே பந்தை 50 செ.மீ.ல இருந்து விட்டா லெக் ஸ்டம்புல அடிக்கும். ஆஃப் ஸ்டம்புக்கு 12 செ.மீ. வெளிய பிட்ச் பண்ணா ஆஃப் ஸ்டம்பையே தொடும். "லைன் நல்லாத்தானே போட்டேன்"னு தோணுற பந்து எல்லாம் லெக் சைடு போறதுக்குக் காரணம் இதுதான். ரிட்டர்ன் கிரீஸுக்குப் பக்கத்துல ஒதுங்கி ஓடுற பழக்கம் டென்னிஸ் பால் ஆளுங்களுக்கு நிறைய உண்டு. நடுவர் பக்கத்துல உரசுற மாதிரி, ஸ்டம்புக்கு நெருங்கி வாங்க.

அதுக்கப்புறமும் போச்சுன்னா ரெண்டைப் பாருங்க: இடது கை நேரா பேட்ஸ்மேனைப் பார்த்து இறங்காம பக்கவாட்டுல பிய்ச்சுக்கிட்டுப் போகுதா? தலை இடப்பக்கம் சாயுதா? ரெண்டுல எது நடந்தாலும் தோள் சீக்கிரம் திறந்து பந்து லெக் பக்கம் இழுத்துட்டுப் போகும்.

ஒரு முனையில மட்டும் ஏன் கூடுதல்? எந்த முனைன்னு சொல்லுங்க.

---

திங்கள்சந்தை_மீடியம்:

தெக்கு முனைண்ணே. வடக்கு பார்த்துப் போடுறப்பதான் அதிகம். ஒத்தக்கால் சோதனை செஞ்சேன், குத்தல் இல்ல. ஆனா இறுக்கம் இடது பக்கம் மட்டும்தான் இருக்கு.

---

கீழ்முதுகு:

ஒரு பக்கம் மட்டும்னா ஒருதடவை காட்டிருங்க. அதுவரைக்கும் நடந்து போடுற டிரில் மட்டும், முழு ஓட்டம் வேண்டாம்.

---

ஆரல்காத்து:

தெக்கு முனை, வடக்கு பார்த்து. அப்ப பாதிக்குப் பாதி காத்துதான் மக்கா.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம பக்கம் மேக்குக் காத்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அது எப்படிப் பிதுங்கிப் போகுதுன்னு முப்பந்தல் காத்தாடிகளைப் பார்த்தாலே தெரியும். வடக்கு பார்த்து ஓடும்போது அந்தக் காத்து உங்க இடது தோள்ல அடிக்கும், பந்தை வலப்பக்கம், அதாவது வலது கை பேட்ஸ்மேனோட லெக் பக்கம் தள்ளும். வடக்கு முனையில இருந்து தெக்கு பார்த்துப் போட்டா அதே காத்து வலது தோள்ல அடிச்சு அவுட் ஸ்விங்குக்கு உதவும். டாஸ் போட்டதும் கேப்டன்கிட்ட வடக்கு முனையைக் கேளுங்க. கொடுக்கலன்னா தெக்கு முனையில குறியை இன்னும் ஒரு கை அளவு ஆஃப் பக்கம் தள்ளி வைங்க. இன்ஸ்விங் இருந்தா அந்த முனை தங்கம்.

சில கிரவுண்டுல பிட்ச் வேற திசையில கிடக்கும், அங்க காத்து நெத்தியில இல்ல முதுகுல அடிக்கும். எதிர்க்காத்துல பந்து வேகம் குறைஞ்சு நினைச்சதைவிட குட்டையா விழும், அதனால ஃபுல்லா போடணும். ஸ்விங் கூடும். பின்காத்துல ஓட்டம் தானா நீளும். உங்க மேட்ச் நோ-பால்ல பாதி அங்க விழுந்திருக்கும்னு பந்தயம் கட்டுவேன். ரெண்டு முனைக்கும் தனித்தனியா டேப் வச்சு ரன்-அப் குறி எடுங்க. காத்து பலமா இருக்கிற அன்னைக்குப் பின்காத்து முனையில குறியை ஒரு அடி பின்னால வச்சு ரெண்டு தடவை ஓடிப் பார்த்துட்டு மேட்ச் தொடங்குங்க.

---

பாய்பிட்ச்:

ஸ்விங் பத்தி யாரும் தொடல.

டென்னிஸ் பால் 60 கிராம் கூட வராது, ஹார்டு டென்னிஸ் அதைவிடக் கொஞ்சம் கூட. ஸ்டிச் பால் 156-ல இருந்து 163 கிராம். டென்னிஸ் பால்ல வேகம் எடுக்க விரலால வெட்டி, மணிக்கட்டைத் திருப்பி விடுவோம். அந்தப் பழக்கம் அப்படியே வந்தா சீம் (பந்தோட நடுத் தையல்) சுழன்று தள்ளாடும், ஸ்விங் செத்துரும். புதுப் பந்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்ல.

பிடி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமோட ரெண்டு பக்கமும், நடுவுல ஒரு சின்ன இடைவெளி. கட்டைவிரல் கீழ சீம் மேலயே, பக்கவாட்டா. பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். உள்ளங்கைக்குள்ள புதைச்சுப் பிடிச்சா விரல் கடைசியா தொடாது. விடுற நேரத்துல ரெண்டு விரலும் பந்துக்குப் பின்னால இருந்து நேரா கீழ இழுக்கணும், அப்பதான் பின்சுழல் கிடைச்சு சீம் நிமிர்ந்து போகும்.

அவுட் ஸ்விங்னா சீம் முதல் ஸ்லிப்பைப் பார்த்து, பளபளப்பு உங்க வலப்பக்கம், சொரசொரப்பு இடப்பக்கம். இன்ஸ்விங்னா சீம் ஃபைன் லெக் பக்கம், பளபளப்பு இடப்பக்கம். துடைக்க வியர்வை மட்டும்தான். எச்சில் 2022-ல இருந்து நிரந்தரமா தடை.

டிரில்: பழைய பந்து ஒண்ணோட சீம் மேல வெள்ளை பெயிண்ட் அடிங்க. வலது முட்டியைத் தரையில ஊன்றி, 10 மீட்டர் தள்ளி நிக்கிற ஆளுக்குப் போடுங்க. காத்துல ஒரே வெள்ளைக் கோடாத் தெரிஞ்சா சரி. வெள்ளை கலங்கி வளையமாத் தெரிஞ்சா மணிக்கட்டு திரும்புது. 10 பந்துல 8 கோடாப் போற வரைக்கும் எழுந்து நிக்காதீங்க. அப்புறம் நின்ன இடத்துல, அப்புறம் நாலு எட்டு, கடைசியா முழு ரன்-அப். முதுகு டாக்டர் ஒத்துக்கிட்ட பிறகு.

ஒரு விஷயம் பாத்துக்கிடுங்க: கயிற்றுப் பாய் பந்தைப் பத்தே ஓவர்ல அரத்தால தேச்ச மாதிரி ஆக்கிரும். பளபளப்பு போனப்புறம் பாய்ல ஸ்விங்குக்கு மல்லுக்கட்டுறதைவிட கட்டர் (விரலால வெட்டி விட்டு, தரையில பட்டுத் திரும்புற பந்து) போடுறது லாபம். உங்க டென்னிஸ் பால் ஆஃப் கட்டர் அங்க நல்லாப் பிடிச்சுத் திரும்பும், அதை மறக்காண்டாம். புல் பிட்சுக்குப் போறப்ப அந்த அளவு கிடைக்காது.

லெங்த்: டிவியில காட்டுற "குட் லெங்த்" பேட்ஸ்மேன் ஸ்டம்ப்ல இருந்து 6-8 மீட்டர், அது 140 கி.மீ. வேகத்துக்கு. உங்க வேகத்துக்குப் புல் பிட்சுல 5-7. பாய்ல எழும்பல் கூடுதல், இன்னும் அரை மீட்டர் முன்னால. நீங்க போடுற பந்து பேட்ஸ்மேனோட நெஞ்சுக்கு வருதுன்னா அதை பவுன்சர்னு ரசிக்காதீங்க, லெங்த் குட்டை.

---

நெட்ஸ்_வேஸ்ட்:

பாய்பிட்ச் சொன்ன முட்டி டிரில் ஆக்‌ஷனுக்கு நல்லது. ஆனா "வேகத்தைக் குறைச்சு லைன் பழகு, அப்புறம் வேகம் ஏத்து"ன்னு எல்லா கிளப்புலயும் ஒருத்தர் சொல்வார், அதைக் கேக்காண்டாம். வேகம் மாறினா பந்தை விடுற கணமே மாறும். மெதுவாப் பழகின லைன் மெதுவாப் போடுறப்ப மட்டும்தான் வரும். லைன், லெங்த் ரெண்டையும் முழு ஓட்டத்துல, குறைஞ்ச எண்ணிக்கையில பழகணும்.

36 பந்தை இப்படிப் பிரிங்க. பாய் மேல கயிறு வச்சு ஒரு பெட்டி: உள் விளிம்பு ஆஃப் ஸ்டம்ப் கோட்டுல, அகலம் 30 செ.மீ., நீளம் 2 மீட்டர், ஸ்டம்ப்ல இருந்து நாலரை மீட்டர்ல தொடங்கணும். முதல் 12 பந்து பேட்ஸ்மேன் இல்லாம பெட்டிக்கு மட்டும். எத்தனை விழுந்துச்சுன்னு நோட்டுல எழுதணும். தவறினது எங்க போச்சுன்னும் எழுதணும்: லெக், ஆஃப், குட்டை, ஃபுல். ரெண்டு வாரம் எழுதினா ஒரே பக்கம் தவறுது தெரியும். அங்கதான் வேலை. எல்லாப் பக்கமும் சிதறினா ரன்-அப் நிலையா இல்லன்னு அர்த்தம், அம்பயர்_கை சொன்ன டேப்புக்குத் திரும்புங்க.

அடுத்த 12 கலந்து. நீங்க ஓடத் தொடங்கினப்புறம் கூட்டாளி "யார்க்கர்", "லெங்த்", "ஸ்லோ"ன்னு கத்தணும். ஒரே பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டா அன்னைக்கு நல்லா வரும், மேட்ச்ல வராது. கலந்து பழகினா நெட்ஸ்ல அசிங்கமா இருக்கும், ஆனா தங்கும்.

கடைசி 12 பேட்ஸ்மேனோட, ஃபீல்டு அமைச்சதா நினைச்சு, ஓவர் கணக்குல. நோ-பாலுக்கு ஒருத்தர் நடுவரா நின்னு கத்தியே ஆகணும். நெட்ஸ்ல நோ-பால் தெரியலன்னு சொன்னீங்களே, யாரும் பார்க்கலங்கிறதுதான் விஷயம்.

கோச்: சேருங்க, ஆனா ரெண்டு நாள் ஓரமா நின்னு பார்த்துட்டுச் சேருங்க. முதல் நாளே "உன் ஆக்‌ஷன் தப்பு, இப்படிப் போடு"ன்னு மூணு விஷயத்தை மாத்தச் சொல்றவர் வேண்டாம். கொஞ்ச நாள் பார்த்து, வீடியோ எடுத்து, ஒண்ணை மட்டும் மாத்தச் சொல்றவர் சரி. பந்து எண்ணுறாரான்னு பாருங்க. எட்டு பௌலர் வரிசையா ஓடிவந்து ஒரு பேட்ஸ்மேனுக்குப் போடுற நெட்ஸ்ல மாசக் கட்டணம் பேட்ஸ்மேனுக்குத்தான் பிரயோசனம்.

கோச் கட்டாயம் தேவைப்படுறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, கலப்பு ஆக்‌ஷன். பின்கால் இறங்கும்போது இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்கணும். பாதம் கிரீஸுக்கு இணையா இருந்தா தோளும் பக்கவாட்டு. பாதம் பேட்ஸ்மேனைப் பார்த்தா தோளும் முன்பார்வை. இடுப்பு முன்னால, தோள் பக்கவாட்டுன்னு முறுக்கிக்கிட்டா முதுகுக்குத்தான் அடி. உங்க இடது பக்க இறுக்கத்துக்கு இதைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். ரெண்டு, மாங்கா எறி. முழங்கை நிமிர்றது 15 டிகிரிக்கு மேல போனா சட்டவிரோத ஆக்‌ஷன். டென்னிஸ் பால்ல யாரும் கேக்க மாட்டாங்க, லீக்ல ரிப்போர்ட் போகும். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனே டென்னிஸ் பால்ல இருந்து வந்து 2015-ல ரஞ்சி ஆடினதும் ஆக்‌ஷன்ல சந்தேகம்னு ரிப்போர்ட் ஆச்சு. மாத்திப் போட்டுத்தான் டிஎன்பிஎல்லுக்கும், 2020 டிசம்பர்ல இந்திய அணிக்கும் போனார். ஆக்‌ஷன் மாத்துற வேலையை சீசன் நடுவுல தொடாதீங்க. அக்டோபர், நவம்பர் மழையில கிரவுண்டு ஊறிக் கிடக்கும்ல, அப்ப வையுங்க.

---

திங்கள்சந்தை_மீடியம்:

எல்லாருக்கும் நன்றிண்ணே. டாக்டரைப் பார்த்துட்டு ஆக்‌ஷன் வீடியோ போடுறேன். எப்படி எடுக்கணும்?

---

அம்பயர்_கை:

ரெண்டு கோணம் போதும். ஒண்ணு, பாப்பிங் கிரீஸுக்கு நேரா பக்கவாட்டுல, பந்து போடுற கை பக்கம், 8 மீட்டர் தள்ளி. இன்னொண்ணு உங்களுக்குப் பின்னால, நடுவருக்குப் பின்னாடி. போனைக் கையில பிடிக்காம ஸ்டம்ப் உயரத்துல எதுலயாவது சாச்சு வையுங்க, ஸ்லோ மோஷன்ல. முழுக்கை சட்டை வேண்டாம், முழங்கை தெரியணும். சட்டையை உள்ள விட்டிருங்க, இல்லன்னா இடுப்பு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோணத்துலயும் ஆறு பந்து, கடைசி ரெண்டு நீங்க களைச்சப்புறம் போட்டதா இருக்கட்டும்.